தண்ணீர்ச் சத்தம் கேட்ட பக்கம்

"தை 10, ஞாயிறு. ஆனைமலை அடிவாரம். பதினான்கு பேர். அருவி வரை போகவில்லை. நல்ல வெயில். எல்லாரும் சுகம்."

1994ஆம் ஆண்டு நாட்குறிப்பில் அப்பா எழுதி வைத்திருக்கும் இந்தக் குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது நல்லெண்ணெய் மணம்தான். சூலூருக்குக் கிழக்கே இருந்த எங்கள் தோட்டத்து வீட்டில், கோழி கூவும் நேரத்திலேயே புளி காய்ச்சிக் கிளறிய கட்டுச்சோற்றை 'போசி' என்று நாங்கள் சொல்லும் வாயகன்ற பாத்திரத்தில் அழுத்தி, வாட்டிய வாழையிலையால் மூடிக் கட்டியிருந்தார்கள். பெயர் பெயராக எண்ணிப் பார்த்துவிட்டேன். உறவினர் மட்டும் பதினான்கு பேர். அந்தப் போசியைத் தலையில் சுமந்து வந்த மாராத்தாளைச் சேர்த்தால் பதினைந்து.

மாராத்தாள் எங்கள் தோட்டத்தில் களையெடுக்கவும் கடலை பறிக்கவும் வந்தவர். அம்மாவைவிட மூத்தவர் என்றாலும், பதினொரு வயதான நான் உட்பட வீட்டில் எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம்.

பயணத்தை ஏற்பாடு செய்தவர் புது மாப்பிள்ளை. பெரியப்பாவின் மகள் சாந்தி அக்காவை முந்தைய ஆவணியில் கட்டியவர், பீளமேட்டில் மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். தலைப்பொங்கல் விருந்துக்கு வந்த இடத்தில், கல்லூரியில் படிக்கும்போது தான் போய்வந்த ஓர் அருவியைப் பற்றிச் சொன்னார். சோளக்காட்டையும் கிணற்று மேட்டையும் தவிர வேறு உயரம் எதையும் ஏறிப் பார்த்திராத எங்கள் குடும்பம், மாப்பிள்ளை வாயிலிருந்து வந்த சொல் என்பதாலேயே அடுத்த ஞாயிறுக்கு டெம்போ பேசிவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் மாராத்தாள் களத்து ஓரத்தில் கல் கூட்டிக் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். அருகில் போய் உட்கார்ந்த என்னிடம், தான் பிறந்தது அந்த அருவிக்குப் பக்கத்தில், சாளை என்று நாங்கள் சொல்லும் குடிசை ஒன்றில்தான் என்றார். அக்கா வேலாத்தாள் இன்னும் அங்கேயே இருப்பதாகவும், பார்த்து ஆறு வருடம் ஆகிவிட்டதாகவும், தேங்காய் லோடு ஏற்ற அந்தப் பக்கம் போகும் லாரி ஆளிடம் சேதி சொல்லி அனுப்பியிருப்பதாகவும் சொன்னார்.

"அருவிக்குக் கீழ கன்னிமார் கல்லு இருக்குதுங்க அம்மணி. அங்க வந்து நிக்கச் சொல்லியிருக்கறேன். ஒரு எட்டுப் பாத்து இந்தக் கடலையக் குடுத்துப்போட்டு ஓடியாந்தர்றேன். ஊட்ல சொல்லிப்போடாதீங்க. வேலைக்குக் கூட்டியாந்தா ஒறம்பரை பாக்கப் போறாளான்னு பெரியம்மா வைவாங்க."

'ஒறம்பரை' என்றால் எங்கள் பக்கம் உறவுக்காரர்கள். பெரியவர் ஒருவரின் ரகசியம் என்னிடம் இருக்கிறது என்ற பெருமையில் அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

தென்னந்தோப்புகள் முடியும் இடத்தில் டெம்போவை நிறுத்திவிட்டு நடந்தோம். கொஞ்ச தூரத்தில் தடம் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கத் தடம் பள்ளத்தில் இறங்கியது. வலப்பக்கத் தடம் மேலே ஏறியது. மாப்பிள்ளை என்.சி.சி.யில் இருந்த காலத்துக் காம்பஸை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். முள் ஆடி நிற்கும் வரை பதினைந்து பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். "மேலதானுங்க" என்று அவர் வலப்பக்கம் திரும்பினார்.

மாராத்தாள் நகரவில்லை. "தண்ணிச் சத்தம் இந்தப் பக்கமுங்க அம்மணி" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க. புது மாப்பிளைங்க. நாலு பேருக்கு முன்னால நம்ம சொல்லி அவிங்க மொகம் சுண்டிப்போச்சுன்னா, அப்புறம் சாந்தி அம்மணிக்குத்தானுங்க சங்கடம். அவிங்களே திரும்பிருவாங்க, பாருங்க."

அவர் திரும்பவில்லை. ஒரு மணி நேரம் ஏறிய பிறகு தடம் ஆட்டுத் தடமானது. பிறகு உண்ணிச்செடிப் புதரானது. வழி தவறிவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, யாரும் சொல்லவில்லை.

"இன்னும் எவ்வளவு தூரமுங்க மாப்பிள்ளை?" என்றார் பெரியம்மா, புடவையிலிருந்து முள்ளை எடுத்தபடி.

"பக்கந்தானுங்க அத்தை."

"அருவிக்குப் பக்கமா, ஊட்டுக்குப் பக்கமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று பின்னால் வந்த சித்தப்பா முணுமுணுத்தார். பெரியப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும், "காத்து நல்லா வருதுங்க மாப்பிள்ளை!" என்று அதே வாயால் உரக்கச் சொன்னார்.

உச்சி வெயிலில் ஒரு மொட்டைப் பாறையில் போய் முடிந்தது எங்கள் நடை. அதற்கு அப்பால் சரிவு. மாப்பிள்ளையின் முகம் வெளிறியிருந்தது. சாந்தி அக்கா தலை நிமிரவேயில்லை. பெரியப்பாதான் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். "இந்தப் பாறைக்கு முன்னால அருவியெல்லாம் என்னங்க மாப்பிள்ளை! எந்த ஊர்ல கெடைக்கும் இப்படி ஒரு எடம்?" ஆளுக்கு ஆள் பாறையைப் புகழ்ந்தார்கள். கட்டுச்சோறு பரிமாறிய மாராத்தாளின் பார்வை மட்டும் கீழே, இடப்பக்கத்து மரக்கூட்டத்திலேயே இருந்தது.

"மாமா, வேற வழி ஏதாச்சும்..." என்று நான் மாப்பிள்ளையிடம் ஆரம்பித்தேன். அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். 'மாராத்தாளுக்குத் தெரியும்' என்ற இரண்டே சொற்கள். கிள்ளலின் வலி அடங்கிய பிறகும் அவற்றைச் சொல்ல நேரம் இருந்தது. சொல்லாததற்கு மாராத்தாள் தடுத்ததைக் காரணமாகப் பல வருடம் வைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில், மறுபடி கிள்ளு விழுமே என்று பயந்தேன்.

இறங்கி வந்து தடம் பிரியும் இடத்தைச் சேர்ந்தபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. யானை இறங்கும் நேரம், கிளம்ப வேண்டும் என்று டெம்போக்காரர் ஆரன் அடித்துக்கொண்டிருந்தார். அப்போது அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. மெல்லிய, விடாத சத்தம்.

"போசி பிசுக்குனு இருக்குதுங்க. பள்ளத்துல கழுவிப்போட்டு ஓடியாந்தர்றனுங்க" என்றார் மாராத்தாள், பெரியம்மாவிடம்.

"ஊட்ல போய்க் கழுவிக்கலாம், ஏறு ஏறு" என்றார் பெரியம்மா. கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

பொள்ளாச்சி தாண்டியதும் மாராத்தாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கடலையை எல்லார் கையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். "தின்னுபோடுங்க, நமுத்துப்போயிரும்." மாப்பிள்ளை இரண்டு முறை வாங்கித் தின்றார். "கடலை அருமைங்க" என்று அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. மாராத்தாள் என் கையைப் பிடித்து விரித்து, அதிலும் வைத்தார்.

நான்கு ஆண்டுகளில் தோட்டம் விற்றுப்போனது. மாராத்தாள் மகனோடு திருப்பூர்ப் பக்கம் பனியன் வேலைக்குப் போனார் என்று கேள்விப்பட்டதோடு சரி. அக்காவை அதன்பின் பார்த்தாரா என்று நான் கேட்டதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் அங்கே தனியாகப் போனேன். மண்தடம் தார்ச்சாலையாகியிருக்கிறது; வலப்பக்கம் தங்கும் விடுதி ஒன்றின் இரும்புக் கதவு. பிரிவிலிருந்து இடப்பக்கமாக, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அருவிக்குப் பதினெட்டு நிமிடம். கன்னிமார் கல் ஏழில் நான்கு மிஞ்சியிருக்கின்றன. சாளைகள் ஒன்றுகூட இல்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் வேலாத்தாள் என்று விசாரித்தேன். "எந்த வேலாத்தாளுங்க? இங்க மூணு பேர் இருந்தாங்களே. மூணு பேரும் போய்ச் சேந்துட்டாங்க."

லாரி ஆளிடம் சொல்லியனுப்பிய சேதி போய்ச் சேர்ந்ததா, அந்த ஞாயிற்றுக்கிழமை இந்தக் கல்லருகே யாராவது வந்து நின்றார்களா என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை. சேதி போகாமலே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். அதற்கும் ஆதாரம் இல்லை.