குச்சியில் கட்டிய சேனைத் தண்டு

எண்பதுகளின் பாதியில், ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சேனை நட்டிருந்தேன். செங்கோட்டையில் என் அம்மா முளையோடு வெட்டிக் கொடுத்த துண்டு அது. என் வீட்டுக்காரர் அதுவரை சேனையை வறுவலாக மட்டுமே பார்த்தவர். காட்பாடி டவுனில் பிறந்த மனிதர், பாவம். ஐப்பசியில் நான் தலைப்பிரசவத்துக்கு ஊருக்குக் கிளம்பியபோது செடி குடை விரித்தாற்போல் நின்றது. "செடியப் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். மார்கழியில் சேனை மடங்கிவிடும் என்று சொல்லத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் அது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பிள்ளை தங்கவில்லை. பிறந்த அன்றே போய்விட்டது. எனக்கு மயக்கம் தெளிவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. லீவு போட்டு வந்திருந்த இவர்தான் கையில் வாங்கிக்கொண்டு போனாராம். பெண் குழந்தை என்று மட்டும் சொன்னார்கள். எப்படி இருந்தாள் என்று அம்மாவைக் கேட்டால் அழுதாள். இவரைக் கேட்டால் எழுந்து வெளியே போய்விட்டார். மறுவாரம் ட்யூட்டி இருக்கிறதென்று ரயிலும் ஏறிவிட்டார். பெற்றவளுக்குத் தெரியக் கூடாதா? எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

தை கடைசியில் ஆவடிக்குத் திரும்பினேன். இவர் வேலைக்குப் போயிருந்தார். பின்கதவைத் திறந்தால், காய்ந்து சருகான சேனைத் தண்டு ஒரு குச்சியோடு சேர்த்து வேட்டிக் கிழிசலால் கட்டியிருந்தது. அடியில் ஒரே சேறு.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். குத்தம்பாக்கத்துக்காரி, நெல்லும் கீரையும் போடுகிற குடும்பம்.

"யக்கா, உங்க ஊட்டுக்காரு காலைல ஒரு பக்கெட்டு, சாயங்காலம் ஒரு பக்கெட்டு ஊத்திக்கினே கீறாரு. 'செத்துப்போச்சுண்ணா, உட்டுடு'ன்னேன். கேக்கல. 'அவ வர்றப்ப இதாச்சும் இருக்கணும்'னு சொல்லிட்டாரு."

நான் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் வந்தவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே பக்கெட்டைத்தான் எடுத்தார்.

"ஐயோ, கூறு கெட்ட மனுசா! அது சாகல. எல மடங்குச்சுன்னா கெழங்கு மண்ணுக்குள்ள சும்மா தூங்கும். அப்போ தண்ணி விட்டா அழுகிப் போகாதா?"

பக்கெட்டைக் கீழே வைத்தார். "அப்ப நான்தான் கொன்னுட்டேனா?"

சேனையைப் பற்றித்தான் கேட்டார். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "தோண்டிப் பாப்போம்" என்றேன்.

கடப்பாரை பட்டுவிடுமோ என்று பயந்து, கடைசியில் கையாலேயே மண்ணைத் தள்ளினார். கிழங்கு வெளியே வந்தது. ஒரு பக்கம் கொழகொழவென்று அழுகி நாறியது. மறு பக்கம் அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. உயிர் இருக்கிறது. அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அழுகினதையெல்லாம் வெள்ளைச் சதை தெரிகிற வரைக்கும் கத்தியால் சீவினேன். வெட்டின இடத்தில் வெந்நீர் அடுப்புச் சாம்பலைப் பூசினேன். "நெழல்ல காய வச்சு, சித்திரையில நட்டா மொளச்சிரும்" என்றேன். கையெல்லாம் நமநமவென்று அரித்தது. புளி எடுத்துவர எழுந்தேன்.

அவர் கிழங்கைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார்.

"இவ்ளோ கனம்தான் இருந்தா" என்றார்.

"அப்புறம்?" என்றேன்.

"தல நெறைய முடி. மூக்கு அப்படியே உன் மூக்கு. வெரல மடக்கிக்கிட்டு இருந்தா. நான் பிரிச்சுப் பாத்தேன்."

அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். புளியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவர் எதிரில் சேற்றிலேயே உட்கார்ந்தேன்.

"இங்க குடுங்க" என்று இரண்டு கையையும் நீட்டினேன்.