மாப்பிள்ளை விட்ட ஒரு சொட்டு

என் தங்கை கணவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறேன். அந்த மரியாதை உறவு முறைக்கு. ஆளுக்கு அதில் அரைக்காசு கிடையாது.

தண்ணீர் வாரிய அலுவலகத்தில் வருகிற மனுக்களுக்கு எண் போடுவது அவர் வேலை. வீட்டுக்கு வந்துவிட்டால் பெரிய இன்ஜினியர். முழங்கை நீளத்தில் ஒரு ரிமோட் கார் வைத்திருக்கிறார். அதற்கு அவர் செய்கிற பணிவிடை இருக்கிறதே, பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் செய்ய மாட்டார்கள். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரிப்பார். சக்கரங்களைக் கழற்றி, பேரிங்குகளைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, ஊசிமுனைச் சீசாவிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவார். ஷாக் அப்சார்பருக்கு ஒன்று, கியர் பெட்டிக்குக் கெட்டியாக இன்னொன்று என்று பதினாலு சீசா. அந்த நேரத்தில் யாராவது மின்விசிறியைப் போட்டால் தொலைந்தார்கள், தூசி பறக்குமாம். அதே வீட்டின் குளியலறைக் கதவு திறக்கும்போதெல்லாம் ஊரைக் கூட்டும். கேட்டால், "அதுக்கெல்லாமா என் எண்ணெய், மச்சான்?" என்பார்.

சரி, ஓட்டவாவது தெரியுமா என்றால் அதுவும் கிடையாது. வாங்கிய புதிதில் மைதானத்தில் விட்டார். வண்டி நேராகப் போய்க் குப்பைத் தொட்டியில் முட்டியது. அடுத்த தடவை ஒரு பெரியவரின் கணுக்காலில். வெறுத்துப்போய் ரிமோட்டைத் தங்கையிடம் நீட்டினார். அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள், நிதானமான விரல்கள். ஆறே மாதத்தில் ரிமோட் கார் கிளப்பில் அவளை முந்த ஒன்றிரண்டு பேர்தான் மிச்சம். மாப்பிள்ளை உடனே பேச்சை மாற்றிக்கொண்டார்.

"ஓட்டுறதுல என்ன இருக்கு? எல்லாம் வண்டி. வண்டி என் கைவண்ணம்."

ஸ்குரூடிரைவரை மட்டும் அவளைத் தொட விட்டதில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று வருஷம் அவள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் தேர்வுப் போட்டி. ஜெயிக்கிற ஒருவருக்குத்தான் வெளியூர் போகும் அணியில் இடம். அவள் ஏங்கிக் கிடந்த இடம், ஏற்கெனவே இரண்டு தடவை நூலிழையில் தவறியது. மொத்தம் இரண்டு சுற்று, எதில் நேரம் குறைவோ அதுதான் கணக்கு. முதல் சுற்றுக்குக் கொடி விழுந்தது. மோட்டார் அலறியது. வண்டி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"பதட்டத்துல தப்பா அழுத்திட்டா," என்றார் மாப்பிள்ளை, சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கட்டும் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கை வண்டியைத் தூக்கி வந்து எங்கள் மேசையில் வைத்தாள். பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு ஸ்குரூடிரைவரை இரவல் வாங்கிக் கிளட்சைத் திறந்தாள். அதில் இரண்டு தகடுகள் இறுக்கமாக உரசிப் பிடித்தால்தான் மோட்டாரின் வேகம் சக்கரத்துக்குப் போகும். விரலால் தடவி எங்களிடம் காட்டினாள். மினுமினுவென்று எண்ணெய்.

"இங்க எண்ணெய் விட்டீங்களா?"

"கீச்சுகீச்சுன்னு சத்தம் வந்துச்சு. ஒரு சொட்டுதான்."

"மாப்ளே, சைக்கிள் பிரேக்குக்கும் எண்ணெய் விடுவீங்களோ?" என்றேன். பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை மறைக்க இருமினார்.

"இது ஒசந்த ரகம் மச்சான். உங்களுக்குப் புரியாது."

என்ன மனுஷன் இவர்! கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

இரண்டாம் சுற்றுக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. தங்கை ஸ்பிரிட்டால் தகடுகளைத் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மறுபடி பூட்டினாள். மாப்பிள்ளை கையில் சீசாவோடு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பேரிங்குக்காவது ஒரே ஒரு சொட்டு..."

முழங்கையைப் பிடித்து இழுத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் இரண்டு வினாடி வித்தியாசத்தில் முதலாவதாக வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையோ அதற்குள் கூட்டத்தில் புகுந்து, "நம்ம வண்டிங்க, நம்ம வண்டி," என்று கைகுலுக்கிக்கொண்டிருந்தார்.

கிளப் செயலாளர் படிவத்தோடு வந்தார். ஓட்டுகிறவர் ஒருவர், மெக்கானிக் ஒருவர், இரண்டு பேர் போகலாம்.

"மெக்கானிக் யாரு?"

மாப்பிள்ளை சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"அதுலயும் என் பேரையே எழுதுங்க," என்றாள் தங்கை.

"ரெண்டு எடத்துலயுமா?"

"ஆமாங்க."

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். "அப்ப நான்?"

"நீங்க லீவு போட வேண்டாம்ங்க," என்றாள்.