ஜுர காலத்து ராஜம்மாள்

சென்ற செவ்வாய்க்கிழமை நகரியிலிருந்து வந்த கார்டில் நான்கே வரிகள். ராஜம்மாள் போய்விட்டார் என்று அவருடைய தம்பி எழுதியிருந்தார். இரண்டு நாள் மூச்சுத் திணறல் இருந்ததாம். படித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, பயம். அவரும் நானும் மட்டுமே அறிந்த ஒன்றை இனி நான் தனியாகச் சுமக்க வேண்டும். திருப்பதி முதியோர் விடுதியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்காக அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

ராஜம்மாள் பெண்கள் வார்டின் ஆயா, நான் குமாஸ்தா. அவர் நகரி நெசவாளர் குடும்பத்துப் பெண். புருஷன் இறந்த பிறகு மகளைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர். பதினெட்டுக் கிழவிகளில் யாருக்குத் தமிழ், யாருக்குத் தெலுங்கு, யாருக்கு எந்தக் காது கேட்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

எல்லைக் கிராமங்கள் ஆந்திராவுக்கா, சென்னை ராஜ்யத்துக்கா என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த நாட்களில்தான் ஃப்ளூ ஜுரம் வந்தது. கூடவே உத்தரவும் வந்தது. பார்க்க வருகிறவர்களை உள்ளே விடக்கூடாது. ஊழியர்கள் விடுதியிலேயே தங்க வேண்டும். வெளியே போனவர் ஜுரம் அடங்கும்வரை திரும்ப வரக்கூடாது. கேட் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். தெலுங்கில் இருந்த உத்தரவை ராஜம்மாளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"சரி சார், ஆர்டர் போட்டுட்டாங்க. இதை அதுங்களுக்கு யாரு சொல்றது?" என்றார் ராஜம்மாள். அவரே கட்டில் கட்டிலாகப் போய்ச் சொன்னார்.

இரண்டாம் வாரம் நகரியிலிருந்து ஒருவர் வந்து, ராஜம்மாளின் மகளுக்கு ஜுரம் என்று கேட்டுக்கு வெளியே நின்று சொன்னார். வார்டின் இன்னொரு ஆயா அப்போது இடுப்புப் பிடிப்பில் படுத்த படுக்கை. ராஜம்மாள் துணிப்பையோடு கேட்வரை வந்துவிட்டார்.

"நான் போய்ட்டா இதுங்களுக்கு யாரு சார் ஊட்டுவாங்க?"

"உங்க இஷ்டம்மா" என்றேன்.

கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றவர் வார்டுக்கே திரும்பிப் போனார். மகள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அம்மா வரவில்லை என்பதை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

கோவிந்தம்மாள் என்று பார்வை மங்கிய கிழவி ஒருத்தி இருந்தாள். மகன் முனுசாமி வாராவாரம் திருத்தணியிலிருந்து ரயிலேறி வருவான். அவனை நான்தான் இரண்டு முறை கேட்டிலேயே திருப்பி அனுப்பினேன். பிள்ளை கைவிட்டுவிட்டான் என்று அவள் சாப்பாட்டை ஒதுக்கினாள். "மூணு நாளா ஒண்ணும் துன்னல சார்" என்று ராஜம்மாள் வந்து சொன்னார். மூன்றாம் முறை அவன் வந்தபோது, கிணற்றுப் பக்க ஜன்னலுக்கு வெளியே பத்தடி தள்ளி, வேலிக்கு அப்பால் அவனை நிற்க வைத்தார்.

"முனுசாமியா? கிட்ட வாடா!" என்றாள் கிழவி.

"அவன் வரமாட்டான், நீ வாயத் தொற" என்ற ராஜம்மாள், ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்: "நீ பேசிக்கினே இருப்பா, நிறுத்தாத!"

அவன் மாடு கன்று போட்ட கதையைச் சொன்னான். கிழவி கஞ்சி குடித்தாள். இது உத்தரவுக்கு விரோதம் என்றேன்.

"உள்ள வரக்கூடாதுன்னுதான சார் போட்டுக்கிறாங்க? வெளிய நின்னு கூப்புடக்கூடாதுன்னு போடலையே?"

அதற்கு ஐந்தாம் நாள் வார்டில் ஜுரம் புகுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். ஒருத்தி கோவிந்தம்மாள். அந்த ஜன்னலால் வந்த வினை என்று எல்லோர் முன்னாலும் ராஜம்மாளைக் குற்றம் சொன்னேன். அவர் கோவிந்தம்மாளின் உடலைக் குளிப்பாட்டப் போய்விட்டார்.

ஜன்னலுக்கு வெளியே முனுசாமி நின்ற அந்த வாரம் முழுவதும் எனக்கே ஜுரம். சொன்னால் ஜுரக்காரர்களுக்கான கொட்டகையில் தனியாகப் போட்டுவிடுவார்கள் என்று மறைத்தேன். தினமும் இரண்டு வேளை வார்டுக்குள் போய்ப் பெயர் கூப்பிட்டேன். கேட் திறந்து ஒரு மாதம் கழித்துத்தான் அவரிடம் சொன்னேன்.

"தெரியும் சார். உங்க மேசை மேல மொளகு கஷாயம் யாரு வச்சாங்கன்னு நெனச்சீங்க?"

"அப்போ ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கல?"

அவர் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "வார்டுக்கு வராதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும். வேலைக்கு ஆளில்லையேன்னு வுட்டுட்டேன். உங்களாலயா, ஜன்னலாலயா, யாரு கண்டாங்க? அது என்னையும் அரிச்சிக்கினுதான் கீது."

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஆறுதல் அல்ல, ஒரு பழக்கம். இப்போதும் உடம்பு லேசாகச் சுட்டால் போதும், வாசலிலேயே நின்று "எனக்கு ஜுரம்" என்று உரக்கச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.