எழும்பிப் போன தேற்றரவாளன்

அம்மா வேலையால் வந்து கதவைத் திறந்தால் அவருக்கு முன்னாலேயே ஒரு மணம் உள்ளே வரும். நீராவியில் சூடேறிய புதுப் பருத்தித் துணியும் தையல் யந்திர எண்ணெயும் கலந்த மணம், அடுப்பில் கொதிக்கிற மீன்குழம்பையும் மீறி டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ஊரில் தையல் தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டிருந்த காலம், அம்மாவைப் போலவே பல தமிழ்ப் பெண்கள் அங்கே சட்டைகளுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு டேனிஷ் பேசும் வாய் ஒன்றே ஒன்றுதான், அது அக்கா. என்னுடையது விளையாட்டுத் திடல் டேனிஷ், பெரியவர்களின் அலுவலுக்குக் காணாது. என்னிலும் ஒன்பது வயது மூத்தவள். பள்ளிக்கூடத்துக் கூட்டமோ, டொக்டரோ, கடிதமோ, எல்லாம் அவளுடைய வாய்வழிதான். அப்பாவின் டேனிஷோ 'யா' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். யாரோ விற்பனைக்காரனுக்குத் தொலைபேசியில் மூன்று தரம் 'யா' சொன்னதில் ஒருநாள் பெட்டி பெட்டியாகக் கலைக்களஞ்சியம் வந்து வாசலில் இறங்கியது. "வாயிருந்தா வங்காளம் போகலாமாம், எனக்கு இந்தக் கொம்யூன் கந்தோருக்கே போகேலாமல் கிடக்கு" என்று நகரசபை அலுவலகத்தைச் சொல்லிச் சிரித்தார் அப்பா. பெட்டிகளைத் திருப்பி அனுப்பியதும் அக்காதான், பாவம்.

அப்படிப்பட்டவள் தாதிப் படிப்புக்குக் கோப்பன்ஹேகன் போவதென்று முடிவானபோது எனக்கு வந்த பயம் கொஞ்சமல்ல. புறப்பட முதல்நாள் வீட்டில் செபம் வைத்தார்கள். அப்பா யோவான் பதினாலாம் அதிகாரத்தை வாசித்தார். யேசு தம்முடைய சீடர்களிடம் விடைபெறும் இடம், மனம் கலங்கவேண்டாம், உங்களைத் திக்கற்றவர்களாக விட்டுப் போகமாட்டேன், இன்னொரு தேற்றரவாளன் வருவார் என்று அவர் சொல்கிற இடம்.

"தேற்றரவாளன் எண்டா ஆர்?" என்று நடுவிலே கேட்டேன்.

"எங்களைத் தேத்துறவர், பிள்ளை. பரிசுத்த ஆவியானவர்" என்றார் அம்மா.

அக்கா தன்னுடைய டேனிஷ் வேதாகமத்தைப் புரட்டி, "இதிலை 'டால்ஸ்மன்' எண்டு கிடக்கு. எங்களுக்காகக் கதைக்கிறவர்" என்றாள்.

"அப்ப டொல்க்கோ?" என்றேன் நான்.

மொழிபெயர்க்க வருகிறவரை எங்களவர் எல்லோரும் டேனிஷில் 'டொல்க்' என்றுதான் சொல்வோம். எல்லோரும் சிரித்தார்கள், செபத்தை நடத்திக்கொண்டிருந்த அப்பாவும் சிரித்துவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: அக்கா போகிறாள், யேசு ஒரு டொல்க்கை அனுப்பப்போகிறார். அடுத்தநாள் ரயிலடியில் எல்லோரும் அழ, நான் நிம்மதியாகக் கை காட்டிக்கொண்டு நின்றேன்.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் அறைக்குள் ஓடிப்போனபோது, அம்மா கண்ணாடிக்கு முன்னால் இடது மார்பில் இரண்டு விரல்களை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. என்னைக் கண்டதும் சட்டையை இழுத்து மூடி, "அக்காவுக்கு மூச்சு விடாதை. தெரிஞ்சால் படிப்பை விட்டிட்டு ஓடி வந்திடுவாள்" என்றார். அப்பாவிடமும் சொல்லவில்லை. வேலை செய்யுமிடத்தில் தோள் நோகிறது என்று சொல்லி, அங்குள்ளவர்களைக் கொண்டே டொக்டரிடம் நாள் எடுப்பித்தார். டொல்க் வருவார் என்று கடிதம் வந்தது. எனக்குப் புழுகம் தாங்கவில்லை, யேசு சொன்னது போலவே அனுப்புகிறாரே!

அன்றைக்கு அம்மா என்னையும் கூட்டிப்போனார். டொல்க்காக வந்தவர் பொன்னுத்துரை மாமா. நாலு தெரு தள்ளி இருப்பவர், தமிழ்க் கடையில் அடிக்கடி காண்கிறவர், நெற்றி நிறையத் திருநீறு. தேற்றரவாளன் திருநீறு பூசுவாரா என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. காத்திருந்த இடத்தில் மெல்லக் கேட்டேன்: "மாமா, உங்களை ஆர் அனுப்பினது?"

"வேறை ஆர், கொம்யூன்தான் பிள்ளை."

உள்ளே டொக்டர், நரைத்த தலைமுடியுள்ள ஒரு பெண்மணி, என்ன வருத்தம் என்று கேட்டார். "தோள்தான் நோகுது" என்றார் அம்மா. வேறு ஏதும் உண்டா என்றார் டொக்டர். "ஒண்டுமில்லை, சுகமாயிருக்கிறன்." மாமா அதையும் டேனிஷில் சொன்னார். நாளைக்குக் கடையில் காணப்போகிற ஆம்பிளைக்கு முன்னால் மார்பைப் பற்றி எப்படிச் சொல்வது? நான் வாயைத் திறக்கப்போவதைக் கண்டு அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். டொக்டர் நோமாத்திரைக்கு எழுதத் தொடங்கிவிட்டார்.

மாமா அந்தப் பிடியைப் பார்த்தார், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். டொக்டரிடம் டேனிஷில் ஏதோ சொல்லிவிட்டு எழும்பினார்.

"தங்கச்சி, நான் வெளியிலை நிக்கிறன். நான் போறதுதான் உங்களுக்கு நல்லது."

கதவைச் சாத்திக்கொண்டு போனார். அறையில் நாங்கள் மூன்று பேர், டேனிஷ் தெரியாத அம்மாவும், தமிழ் தெரியாத டொக்டரும், சொல்லத் தைரியமில்லாத நானும். அம்மா கையை இடது மார்பில் வைத்தார். "க்னூத" என்றார். டொக்டரின் பேனா நின்றது. "க்னூத" என்று திரும்பவும் சொன்னார் அம்மா.

தொழிற்சாலையில் நூலில் முடிச்சு விழுந்தால் மேற்பார்வையாளர் கத்துகிற சொல் அது. முடிச்சைத் தவிர அதற்கு வேறு பொருள் உண்டென்று அம்மாவுக்குத் தெரியாது. மார்புக் கட்டிக்கும் டேனிஷ்காரர் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது. நூல் முடிச்சென்று நினைத்துச் சொன்னது மிகச் சரியான சொல்லாகிவிட்டது. என்ன பேசுவதென்று தெரியாத நேரத்தில் ஆவியானவர் சொல்லைத் தருவார் என்று எத்தனையோ பிரசங்கம் பிறகு கேட்டிருக்கிறேன். அவர் தையல் தொழிற்சாலையிலிருந்தும் சொல் எடுத்துத் தருவார் என்பதை அந்த அறையில்தான் கண்டேன்.

டொக்டர் பிறகு மாமாவைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியின் மார்புப் பிரிவுக்குப் போகவேண்டிய நாளை விளங்கப்படுத்தச் சொன்னார். மாமா அம்மாவைப் பாராமல் சுவரைப் பார்த்தபடி நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போனார். சத்திரசிகிச்சை நடந்தது. அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அழுதாள், ஏசினாள், ஆனால் அம்மா அவளைப் படிப்பை விட விடவில்லை. ஊருக்குத் 'தோள் ஒப்பரேசன்' என்று சொன்னோம், ஊரும் நம்பியது. இத்தனை சிறிய ஊரில், யார் வீட்டில் என்ன கறி என்பதுகூட அடுத்த வீட்டுக்குத் தெரிகிற ஊரில், மார்புக் கட்டி என்ற பேச்சு ஒருநாளும் எங்கள் காதுக்குத் திரும்பி வரவில்லை.

யோவானை இப்போது வாசிக்கும்போது நான் தடுக்கி நிற்பது வேறோர் இடத்தில்: நான் போவது உங்களுக்கு நல்லது என்று யேசு சொல்கிற இடம். சின்ன வயதில் அது எனக்குச் சமாளிப்பாகப் பட்டது. விட்டுப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள்! அந்த வசனத்தை வாசித்தே இராத ஒரு சைவக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு போய் எனக்கு அதன் பொருளைச் சொல்லித் தந்தார். அந்த மனிதருக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

தொழிற்சாலை மூடி எத்தனையோ காலம். டொல்க்குகளும் இப்போது திரையிலும் தொலைபேசியிலும்தான் வருகிறார்கள். எழுபது தாண்டிய அம்மா டேனிஷில் சண்டையே பிடிப்பார். போன மாசியில் பொன்னுத்துரை மாமா காலமானார். செத்தவீடு முடிந்து சில நாள் கழித்து, அம்மாவை மாமா வீட்டுக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். மாமி தேத்தண்ணி தந்து எதிரே இருந்தார். அம்மா கோப்பையைத் தொடவில்லை.

"அண்ணி, அண்டைக்கு டொக்டரிட்டை அண்ணை எழும்பிப் போகாட்டி நான் இண்டைக்கு இல்லை. எனக்குப் புற்றுநோய் இருந்தது."

மாமி திகைத்துப்போனார். "ஐயோ, எனக்கெண்டாலும் ஒருநாளும் சொல்லேல்லையே அந்த மனுசன்!"

"ஓம் அண்ணி" என்றார் அம்மா. "அதுக்கும் சேர்த்துத்தான் வந்தனான்."