கண்ணை மூடித் திறந்தான்

பதினொரு வருடமாக அவள் நீதிமன்றத் தட்டச்சர். சாட்சி சொல்வதை நீதிபதி வாக்கியமாக்கிச் சொல்லச் சொல்ல அடிப்பது அவள் வேலை. மாலைக் கல்லூரியில் சட்டம் முடித்து, நீதிபதித் தேர்வை இரண்டு முறை எழுதிக் கோட்டைவிட்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடுதான் இருந்தாள்.

தம்பி சாயப்பட்டறையில் கொதிகலன் பார்ப்பவன். வேலை முடிந்து வந்ததும் சாட்சியச் சட்டப் புத்தகத்தை மடியில் விரித்து அக்காவைக் கேள்வி கேட்பான். எட்டாம் வகுப்போடு நின்றவன். பாதி வார்த்தை அவன் வாயில் நுழையாது. "ஜட்ஜம்மா, தப்பா சொன்னா இன்னிக்கு பாத்திரம் நீதான் தேய்க்கணும்" என்பான். குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டே அவன் மனைவி சிரிப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பட்டறையில் நீராவிக் குழாய் வெடித்தது. அதில் கசிவு இருந்தது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவனை அதனருகே போகச் சொன்னது யார் என்பதுதான் கேள்வி.

அவள் மருத்துவமனைக்கு ஓடியபோது தம்பிக்கு நினைவு இருந்தது, பேச்சு ஏறக்குறைய அடங்கியிருந்தது. வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்லி அனுப்பியிருப்பதாக டாக்டர் சொன்னார். தம்பி மனைவி வெளியே மயங்கிக் கிடந்தாள். கட்டிலருகே நின்றது அவள் மட்டும்தான். குனிந்து, "மேனேஜரா உன்ன போகச் சொன்னாரு?" என்று கேட்டாள். அவன் கண்ணை மூடித் திறந்தான்.

கேட்ட மறுகணமே அவளுக்கு உறைத்தது. யார் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். பதிலைத் தானே அவன் முன்னால் எடுத்து வைத்துவிட்டாள். மறுபடி கேட்க அவன் இருக்கவில்லை. மாஜிஸ்திரேட் வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

குழாய்ப் பக்கம் போகாதே என்று தான் எச்சரித்ததாக மேனேஜர் சாதித்தார். இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை என்று கூட வேலை செய்தவர்கள் கழன்றுகொண்டார்கள். மேனேஜர் மேல் போட்ட வழக்கு முழுவதும் அவள் சாட்சியத்தில் வந்து நின்றது.

பக்கத்து நீதிமன்றத்தில்தான் விசாரணை. தினமும் பார்க்கும் கூண்டில் அன்று அவள் ஏறினாள். கீழே அவளோடு டீ குடிக்கும் தட்டச்சர் தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தார்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாகக் கேட்டார்: "மேனேஜர்னு அவர் சொன்னாரா, இல்ல நீங்க கேட்டீங்களா?"

தம்பி மனைவி கடைசி வரிசையில் இருந்தாள். அவனே சொன்னான் என்று ஒரு வார்த்தை போதும். பொய்யென்று நிரூபிக்க உலகத்தில் ஆளில்லை.

"நான்தாங்க கேட்டேன்."

கடைசியில் அவள் சாட்சியத்தைத் தட்டச்சு செய்தபடி படித்துக் காட்டினார்கள். 'தலையசைத்து ஆமோதித்தார்' என்று இருந்தது. கையெழுத்துப் போடப் போனவள் நின்றாள்.

"தலையசைக்கலங்க. கண்ண மூடித் திறந்தான், அவ்வளவுதான்."

நீதிபதி திருத்தச் சொன்னார். அரசு வழக்கறிஞர் கோப்பை மூடிவிட்டார்.

மேனேஜர் விடுதலையானார். வலியில்கூட அப்படிக் கண் மூடியிருக்கலாம் என்றது தீர்ப்பு. அவள் அதை இரண்டு முறை படித்தாள். தப்பென்று சொல்ல ஒரு வரியும் அகப்படவில்லை.

அன்று வீட்டில் தம்பி மனைவி துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டுக்குப் போகிறாளாம்.

"அவரு பக்கத்துல உக்காந்து இத்தன நாள் படிச்சது இதுக்குத்தானாக்கா?"

அவள் குழந்தையின் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

அந்த வருடம் தேர்வு எழுதவில்லை. அடுத்த வருடம் எழுதித் தேறினாள். புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, கேள்வியையும் தானே வாய்விட்டுப் படித்துக்கொண்டாள். வேறோர் ஊரில் நீதிபதி வேலை. சாட்சி சொன்ன வார்த்தையை மாற்றாமல் பதிவு செய்ய வைப்பதால் வழக்குகள் நத்தை வேகத்தில் நகர்வதாக வக்கீல்கள் முணுமுணுத்தார்கள்.

மாதம் ஒருமுறை போன் செய்வாள். குழந்தைதான் எடுக்கும். பள்ளிக்கூடம், பல் விழுந்தது, பூனை என்று ஏதாவது சொல்லும். பின்னாலிருந்து யாரென்று கேட்கும் தம்பி மனைவியின் குரல் வரும். "அத்தைம்மா" என்று குழந்தை சொல்லும்.

அந்தக் குரல் அதற்கு மேல் ஒன்றும் கேட்காது. அவள் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, "சரிடா தங்கம், போய்ச் சாப்பிடு" என்பாள்.