பூஜ்யம் வாங்கிய பாலுசாமி

சூலூர் பாலுசாமியின் வாயிலிருந்து குறை என்று ஒரு வார்த்தையைப் பிடுங்கிவிட முடியாது. அந்தப் பக்கத்து மரியாதை அப்படி. இழவு வீட்டில் நிற்கும்போது கேட்டாலும் “நல்லா இருக்கறமுங்க” என்றுதான் பதில் வரும். கேட்டவர் மனம் நோகக்கூடாது, அவ்வளவுதான். அந்த நல்ல குணமே அவருக்கு வினையாக வந்து வாய்த்தது.

எட்டு விசைத்தறி ஓடும் குடோன் அவருடையது. போன வருடம் தலைவலி, வாந்தி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு மூளையில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சை செய்து, கதிர்வீச்சும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐம்பத்து மூன்று வயதில் உயிர் தப்பியது பெரிய விஷயம்தான். ஆனால் அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போட்ட விரல்கள் இப்போது தடுமாறின. மனைவி கீதாவின் பெயரே சில நேரம் நாக்குக்கு வராமல் நின்றது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஷைலா ஒரு தாளோடு உட்காருவாள். தூக்கம் வருகிறதா, பயம் இருக்கிறதா, வாழவே சலிப்பாக இருக்கிறதா என்று இருபது கேள்விகள். குறை இல்லையென்றால் பூஜ்யம், அதிகமென்றால் மூன்று. ‘அண்ணா’ என்று அவ்வளவு பதவிசாகக் கேட்கிற பெண்ணிடம் முகத்திலடித்தாற்போல் குறை சொல்வதா? பாலுசாமி எல்லாவற்றுக்கும் “ஒண்ணுமில்லைங்க” என்றார். நல்லா சாப்பிடுகிறார் என்று கீதாவும் பக்கத்திலிருந்து ஒத்து ஊதினாள். ஜாடிக்கேற்ற மூடி. டாக்டருக்குப் பரம திருப்தி.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் கீதா மோர் எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனாள். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே காதில் விழாது. திடீரென்று கரண்ட் போய் எட்டுத் தறியும் ஒன்றாக நின்றன. நூல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆணின் அழுகை கேட்டது. சத்தம் நின்றது உறைத்ததும் அதுவும் சட்டென்று அடங்கியது. தறி ஓட்டும் வெங்கடபதி எதுவும் கேட்காதவர்போல் தலையைக் குனிந்துகொண்டார். மரியாதைக்காரர்கள் ஊர் அல்லவா. தினமும் புருஷன் தறி பார்க்கப் போனது இதற்குத்தான் என்று கீதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அழுகையைக் கேட்டதாகக் காட்டிக்கொண்டால் அவர் கூனிக் குறுகிப் போவார். மோரை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த முறையும் ஷைலா தாளை எடுத்தாள். தூக்கத்துக்குப் பூஜ்யம். பயம் இருக்கிறதா என்று கேட்டாள். “ஒண்ணுமில்லைங்க” என்றார். எழுதப் போன பேனாவைக் கீதா கைவைத்து நிறுத்தினாள். அவரைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

“அவருக்கு இல்லாட்டிப் போகுதுங்க. எனக்குப் பயமா இருக்குது அம்மணி. ராத்திரியெல்லாம் அவரு மூச்சு வருதான்னு தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். எனக்கு மூணு போட்டுக்கங்க.”

தாள் நோயாளிக்கு மட்டும்தான் என்று ஷைலா சொல்லவில்லை.

பாலுசாமி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தெட்டு வருடத்தில் அவள் யாரிடமும் குறை சொல்லி அவர் கேட்டதில்லை. அந்நியர் முன்னால் அவளைத் தனியாகச் சொல்லவிட்டுத் தான் சும்மா உட்கார்ந்திருப்பது என்ன மரியாதை?

“எனக்குமுங்க” என்றார். “தெனமும் அழுவறனுங்க.”

ஷைலா அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள். புதுத் தாள் எடுத்து முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தாள்.

“தூக்கம் வருதுங்களாண்ணா?”

“வர்றதில்லீங்க” என்றார் பாலுசாமி.