அமராவதி சொன்ன சாட்சி

புளியங்குளத்துக்கு உள்ளே, தகரக் கூரை போட்ட அந்தச் சிறிய கிறிஸ்தவச் சபையில், மூப்பராக வருவதற்கு வீரையாவை விட்டால் வேறு ஆள் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவருடைய மனைவி அமராவதியும் அப்படித்தான் நினைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் உழைப்பாளி. சபைக் கிணற்றை வெட்டினது அவர். கூரைக்குத் தகரம் ஏற்றினது அவர். யாராவது காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் முதலில் சைக்கிளை எடுக்கிறவரும் அவர்தான். ஜெபம் செய்ய வாயைத் திறந்தாரென்றால், அடேயப்பா, றோட்டில் போகிறவனும் நின்று கேட்பான்.

அமராவதி மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கலவரத்துக்குப் பயந்து தாய் தகப்பன் அவளைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தபோது பால்பல் விழுகிற வயது. காடு வெட்டிக் குடியிருந்த இடத்திலேயே வீரையாவைக் கட்டினாள். பிறகு யுத்தம், ஓட்டம், பங்கர் குழி, கடைசியில் அகதி முகாம். ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கியது முகாமில்தான். அதுவரை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்த கை. திரும்பி வந்து, கொட்டில் போட்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சமைக்கிற வேலையைப் பிடித்து, அனோஜாவையும் தர்ஷனையும் ஆளாக்கினாள். பெரிய கதை ஒன்றும் இல்லை, வன்னியில் பாதிப் பேர் இப்படித்தான் வாழ்ந்து வந்திருக்கிறார்கள்.

மூத்தவள் அனோஜா கிளிநொச்சிப் பக்கம் ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். அங்கே பரந்தன் பொடியன் லக்ஷனை விரும்பினாள். பொடியன் சைவ சமயம். கலியாணம் பிள்ளையார் கோயிலில் நடந்தது. வீரையா போகவில்லை. "எனக்கு மகள் எண்டு ஒருத்தி இல்லை" என்றவர், அதன்பிறகு அந்தப் பெயரை வீட்டில் எடுக்கவே விடவில்லை. பெற்றவள் என்ன செய்வாள்? கிளிநொச்சியில் இருக்கிற தங்கச்சியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அங்கே இறங்காமல் அதே பஸ்ஸில் பரந்தன் வரைக்கும் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவாள். ஊருக்கு இது தெரியும். சபைக்கும் தெரியும். வீரையாவின் முகத்துக்காக ஒருவரும் மூச்சு விடவில்லை.

தெரியாத ஒரே ஆள் பாஸ்டர் விஜிதரன். போன வருடம்தான் திருகோணமலையிலிருந்து வந்தவர். முந்திய மூப்பரின் கதை வந்த கையோடு அவர் காதில் விழுந்தது. அந்த ஆளைச் சபையார் எல்லோரும் கைதூக்கித் தெரிந்தெடுத்தார்கள். பெண்சாதியைப் போட்டு அடிக்கிறவன் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லையே! அதனால் விஜிதரன் புதிதாக ஒரு முறை வைத்தார். முதலில் அயலில் இருக்கிற வேற்றுச் சமயத்தவரைப் போய் விசாரிப்பது. பிறகு பெண்சாதி சபை நடுவே எழுந்து, இந்த மனிதர் வீட்டை எப்படி நடத்துகிறார், பிள்ளைகள் எப்படி என்று சாட்சி சொல்வது. அதற்குப் பிறகுதான் கைதூக்குவது.

அயலில் இருந்த பத்மாசனியிடம் போனார்கள். "நல்ல மனிசன். விடியக்காலமை பாட்டுச் சத்தம்தான் கொஞ்சம் கூட" என்று சொல்லி அவள் முடித்துவிட்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் அமராவதி சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வீரையா வந்து நின்றார்.

"நாளைக்குக் கேட்டா, ஒரு பிள்ளை எண்டு சொல்லு. தர்ஷன் மட்டும்."

"பொய்யோ சொல்லச் சொல்லுறீங்கள்? அதுவும் சபையில?"

"என்ன பொய்? நான் கைவிட்ட பிள்ளை எங்கட கணக்கில வராது."

"பெத்தது நானெல்லோ."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். "அமராவதி, நான் இதுக்கு எவ்வளவு பாடுபட்டனான் எண்டு உனக்குத் தெரியும். கெடுத்துப்போடாத" என்று கெஞ்சினார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் அவளிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. அவளுக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது. சரி, சொல்லித் தொலைப்போம் என்றுதான் மறுநாள் சீலையை உடுத்திக்கொண்டு போனாள்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அவளை எழும்பச் சொன்னார். அவள் எழுந்தாள்.

"அக்கா, அண்ணை வீட்டில எப்பிடி?"

"குடி இல்லை. அடி இல்லை. உழைச்சுக் கொண்டுவந்து தருவார்."

"சந்தோசம். பிள்ளையள் எத்தினை பேர்?"

சபையார் அவளைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் விமலேஸ்வரி, சொல்லிவிட்டு உட்கார் என்பது போலத் தலையை ஆட்டினாள். அத்தனை பேரும் "ஒண்டு" என்கிற அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அமராவதிக்கு விளங்கியது. பொய் சொல்லவென்று வந்தவளுக்கு அதைக் கண்டதும் நெஞ்சு கொதித்தது. தன் பிள்ளையை இத்தனை பேர் சேர்ந்து இல்லாமல் ஆக்குவதா?

"ரெண்டு" என்றாள். "மூத்தவள் பரந்தனில இருக்கிறாள். கோயிலில தாலி கட்டினவள். இவர் அவளோட கதைக்கிறேல்லை. நான் இவருக்கு ஒளிச்சுப் போய்ப் பாக்கிறனான். ஒரு பேத்தியும் இருக்கு. அம்மப்பா எங்கை எண்டு கேக்கிறாள்."

வீரையா குனிந்தபடி இருந்தார். பாஸ்டர் சபையாரை ஒருமுறை பார்த்தார். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். "மகள் கோயிலில கட்டினதுக்காக நான் ஒண்டும் சொல்ல வரேல்லை. ஆனா பெத்த மகளோட கதைக்காத அண்ணையின்ர பேரை இப்ப எடுக்கேலாது" என்றார். அத்தோடு கூட்டம் கலைந்தது. அந்த வருடம் சபைக்கு மூப்பர் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வீரையா கதிரையில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று அமராவதி எதிர்பார்த்தாள். திட்டினால் திட்டட்டும் என்று சோற்றை வடித்து, கறியைச் சூடாக்கி, சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவினாள். சோற்றோடு பருப்பைப் போடும்போது அவர் வாய் திறந்தார்.

"பேத்தி எண்டியே. பேர் என்ன?"

அமராவதிக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அதை நான் சொல்லமாட்டன். நாளைக்கும் பரந்தனுக்கு பஸ் ஓடும். போய் அவளிட்டையே கேளுங்கோ" என்று சொல்லி, கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.